வேனிற்காலமும் சிராவக தர்மமும்



பெரும்பாலும் சித்திரைத் திங்களில் வரும் அட்சய திருதியை நன்னாளின் வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். ஆதிபகவன் விருஷபதேவர் துறவு பூண்டு, ஆறு திங்கள் உண்ணா நோன்பிருந்து தியானத்தில் நின்றார். அதன்பின் ஆகாரம் ஏற்க ஊர்தோறும் எழுந்தருளினார். மக்கள் அன்பில் குறைந்தவர் அல்லர். பொன்னையும் மணியையும் கொணர்ந்தனர்; யானையையும் குதிரையையும் முன் நிறுத்தினர். ஆயினும் முனிவர் ஒருவருக்கு எதனை, எம்முறையில் அளித்தல் வேண்டும் என்பதை அறிந்தவர் ஒருவரும் இலர். மேலும் பல திங்கள் இவ்வாறே கழிந்தன. முடிவில் அஸ்தினாபுரத்தில், சோமப்பிரப மன்னனின் இளவல் சிரேயாம்சன் முற்பிறவி நினைவு எய்தி, முறையறிந்து, கருப்பஞ்சாற்றை அப்பெருமானின் கைகளில் வார்த்தான். நோன்பு நிறைவுற்றது.

இதிலிருந்து நாம் பெறும் படிப்பினை யாது? அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும். அறிவு மட்டும் போதாது. அதனைச் செயலாக்கும் ஒழுக்கமும் வேண்டும். நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் ஆகிய மூன்றையும் பிரிக்கவொண்ணா மும்மணிகள் என நம் ஆசாரியர்கள் வகுத்தது இதனாலேயாம்.

அத்திருநாள் வரும் பருவமே கடும் வேனிலின் பருவமும் ஆகும். மே 4ஆம் நாள் அளவில் தொடங்கி 28ஆம் நாள் அளவில் முடியும் அக்கினி நட்சத்திர நாட்களை நம் முன்னோர் கத்திரி என்றனர். நம் இல்லறத்தார் பலர் வாழும் வந்தவாசி, ஆரணி, போளூர், செய்யாறு, திண்டிவனம் பகுதிகள் வெயிலின் கடுமையை நன்கறிந்தவை. மேற்கிலிருந்து நிலத்தைக் கடந்துவரும் வறண்ட காற்று வீசுங்கால், கடற்காற்று உள்ளே புகுவது தாமதமாகும், வெப்பம் ஏறும். கத்திரி கழிந்தது என்று அஞ்சாதிருக்கவும் இயலாது. சென்னையில் 45 பாகை செல்சியசு வெப்பம் பதிவானது 2003ஆம் ஆண்டு மே 31ஆம் நாள். அஃதாவது பஞ்சாங்கக் கத்திரி முடிந்த பின்னரே.

அந்நாளில் நம் முன்னோருக்குப் பஞ்சாங்கமும் பட்டறிவுமே துணை. இந்நாளில் இந்திய வானிலை ஆய்வுத் துறை கோடை தொடங்குமுன்னரே அப்பருவத்தின் போக்கினை அறிவிக்கிறது. வாரந்தோறும் வியாழனன்று அடுத்துவரும் வாரங்களின் நிலையையும், நாள்தோறும் அடுத்த சில நாட்களின் எச்சரிக்கையையும் வெளியிடுகிறது. சமவெளியில் வெப்பம் 40 பாகையை எட்டி, இயல்பைவிட 4.5 பாகை மிகுமாயின் அதனை வெப்ப அலை என்பர். கடலோரத்தில் 37 பாகையை எட்டி அவ்வாறே மிகுந்தாலும் வெப்ப அலையேயாம். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது, உடல் குளிர்வதற்கு வழியின்றிப் போகும். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என எச்சரிக்கையின் படிகள் அமைந்துள்ளன.

இவ்வெப்பத்தைச் சிறிதென எண்ணற்க. 2015ஆம் ஆண்டு வெப்ப அலையால் நம் நாட்டில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவருள் பெரும்பாலோர் ஆந்திரத்தையும் தெலங்கானாவையும் சார்ந்தவர்கள். 1901ஆம் ஆண்டு முதல் உள்ள பதிவுகளில், 2024ஆம் ஆண்டே அதுவரை நம் நாடு கண்டவற்றுள் வெப்பம் மிகுந்த ஆண்டு என வானிலைத் துறை உரைத்தது. அவ்வாண்டிலேயே தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

வானிலைச் செய்திக்கும் அறத்திற்கும் என்ன தொடர்பு என வினவுவீர். உண்டு. ஹிம்சை என்பதற்குத் தத்துவார்த்த சூத்திரம் கூறும் இலக்கணத்தை நினைவிற் கொள்க. பிரமாதத்தால், அஃதாவது கவனமின்மையாலும் அசட்டையாலும், உயிருக்கு ஊறு விளைவித்தலே ஹிம்சை. கோலெடுத்து அடித்தால்தான் ஹிம்சை என்பதில்லை. நாளை வெயில் கொல்லும் என இன்றே அறிந்தும், நம் பொறுப்பிலுள்ள ஓர் உயிரை அவ்வெயிலில் நிறுத்துவோமாயின், அது பிரமாதமன்றி வேறென்ன? அறியாதான் பிழைக்கு ஓரளவு சமாதானம் உண்டு. அறிந்தான் அசட்டைக்கு அதுவும் இல்லை.

அகிம்சை அணுவிரதத்திற்கு அந்நூல் ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் கொடாது தடுத்தல் என்பன அவை. முதல் மூன்றை நம்மவர் செய்யார் என நம்புகிறோம். பின் இரண்டோ வேனிலில் நம் வீட்டு வாயிலிலேயே நிகழக்கூடியவை. நிழலற்ற முளைக்குச்சியில் நண்பகல் முழுதும் நீரின்றி நிற்கும் கறவை மாடு எதனைக் காட்டுகிறது? நவரை நெல் அறுவடையின்போது, பொழுது சாய்வதற்குள் களத்துமேட்டு வேலை முடியவேண்டும் என்று உச்சிவெயிலில் கூலியாட்களை ஏவுவது எதனைக் காட்டுகிறது? தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் ஆகிய மூன்றும் வினையைக் கட்டும் என்பது நம் நெறி. நிழலில் அமர்ந்து ஏவுபவனும் அவ்வினைக்குப் புறம்பானவன் அல்லன்.

ஆதலின் நிலமுடைய சிராவகர்கள் விடியற்பொழுதில் வேலையைத் தொடங்கி முற்பகலிலேயே நிறுத்துக. நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை எவரையும் வெயிலில் நிறுத்தற்க. வேலை குறைந்ததென்று கூலியைக் குறைத்தலும் தகாது. சிறிது பொருள் குறையும் என்பது உண்மையே. அப்பொருளைத் துறப்பதே அந்நாளைய அபரிக்கிரகம்.

இனி, நோன்பு பற்றி ஒரு சொல். தாகத்தையும் வெப்பத்தையும் பொறுத்தல் முனிவர் வெல்லும் இருபத்திரண்டு பரீஷகங்களைச் சார்ந்தது. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில், சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் அனசனம் நோற்றதைக் கல்வெட்டு இன்றும் பறைசாற்றுகிறது. அது அறிந்து ஏற்ற தவம். நம் இல்லத்து மூதாட்டி ஒருவர் கத்திரி நாளில் நீரும் பருகாது நோன்பிருந்து, கிணற்றடியில் மயங்கி விழுந்து உயிர் துறப்பாராயின் அது அத்தகைய தவமாகாது. வீட்டார் கவனியாமையால் நேர்ந்த இழப்பாகும். சோடச பாவனைகளில் தியாகத்தையும் தவத்தையும் கூறுமிடத்து, ‘சக்திக்கு ஏற்ப’ என்னும் சொல்லைச் சேர்த்தே ஆசாரியர்கள் அருளினர். முதியோரும், கருவுற்ற மகளிரும், நீரிழிவு, இரத்த அழுத்தம் முதலியவற்றிற்கு மருந்து உண்போரும் நோன்பு ஏற்குமுன் குருவையும் மருத்துவரையும் கேட்டறிக. இரவுண்ணாமை காப்போர் பகற்பொழுதிலேயே நீரும் மோரும் இளநீரும் சிறிது சிறிதாகப் போதிய அளவு பருகுக. வயது முதிர்ந்தோர்க்குத் தாகம் எளிதில் தோன்றாது. ஆதலின் அவர் கேட்கும்வரை காத்திராது, இளையோர் நீரைக் கொண்டுபோய்க் கொடுத்தல் வேண்டும்.

வெயிலில் ஒருவர் தடுமாறிப் பிதற்றினாலோ, உடல் நெருப்பெனச் சுட்டு நினைவு தப்பினாலோ, உடனே நிழலுக்குக் கொணர்ந்து, ஆடையைத் தளர்த்தி, உடலெங்கும் நீரால் நனைத்து விசிறுக. 108 ஊர்தியை அழைக்க. நினைவற்றவர் வாயில் நீர் புகட்டற்க. இதனை அறிந்திருத்தலும் ஔஷத தானத்தின் ஒரு கூறே.

நீரை வடிகட்டிப் பருகுதல் நம் குலத்தின் அடையாளம். கோடையில் கிணறு வற்றி நீர் கலங்கும் காலத்தில், அவசரத்தால் இவ்வழக்கம் தளர்வது கண்கூடு. நீர் குறையுங்காலத்தில் அதில் வாழும் சிற்றுயிர்களின் நெருக்கம் மிகும்; ஆகவே அப்போதுதான் இரட்டைத் துணி மிகவும் வேண்டும். வடிகட்டியில் தங்கியதை எடுத்த நீர்நிலையிலேயே மெல்ல இறக்கிச் சேர்க்க. புள்ளினங்களுக்கு மாடியிலும் மரநிழலிலும் அகன்ற மண்கலத்தில் நீர் வைப்போர், அதனை நாள்தோறும் மாற்றுக. பல நாள் தேங்கவிட்டால் கொசுப்புழுக்கள் தோன்றும். பின்னர் அவற்றைக் கொட்டி அழிக்க நேரும். தயையாகத் தொடங்கியது ஹிம்சையாக முடியலாகாது.

ஜினாலயத்திற்கு வருவோரில் செய்தி அறிந்த ஒருவர், வழிபாடு முடிந்தபின் அவ்வாரத்து வானிலை எச்சரிக்கையை அனைவரும் கேட்க வாசிப்பாராக. தனித்து வாழும் முதியோர் இல்லம் எது, நீர்ப்பந்தல் எங்கு வேண்டும், எவர் நிலத்தில் வேலை நடக்கிறது என்பதை அங்கேயே கலந்து பேசுக. அவ்வூரில் வாழ்வோர் எம்மதத்தினர் ஆயினும் அப்பந்தலின் நீர் அவர்க்கும் உரியது.

பொன்னும் மணியும் கொணர்ந்தோர் பலர் நின்ற இடத்தில், ஒரு கலம் கருப்பஞ்சாறு ஏந்தியவனே பெருமானின் நோன்பை நிறைவித்தான். வேனில் நண்பகலில் நம் வாயிலுக்கு வரும் உயிருக்கு வேண்டுவதும் பெரும்பொருள் அன்று. நிழலும் ஒரு குவளை நீருமே. அதனை அறிந்து, காலத்தில் அளிப்போமாக.

ஜினதர்மம் ஓங்குக! எல்லா உயிர்களும் இன்புறுக!