பெற்றவள் மேல் விழும் பழி

பெண் மகவை ஈன்ற காரணத்தால் மனம் குன்றி, தன் குழந்தையின் முகத்தையே ஏறெடுத்துப் பாராத ஒரு தாயைக் குற்றவாளி என்பதா, நோயாளி என்பதா என்னும் கேள்வி தருமபுரி மாவட்டத்தாருக்கு வெறும் தத்துவ விசாரம் அன்று. சேலம், மதுரை, தேனி மாவட்டங்களோடு சேர்ந்து பெண் சிசுக்கொலைக்குப் பேர்போன பூமி என்ற அவப்பெயரைப் பல்லாண்டு சுமந்த அம்மாவட்டத்தில், 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் 1,000 பேருக்குப் பெண் குழந்தைகள் 826 பேரே இருந்தனர்.

அரசாங்கம் கைகட்டி நிற்கவில்லை. வேண்டாத சிசுவைக் கொல்லாமல் அரசிடம் ஒப்படைக்க வழிசெய்து 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் வந்தது. கருவிலேயே ஆணா பெண்ணா என்று அறிந்து சொல்வதைத் தடுக்கும் சட்டம் 1994இல் பிறந்தது. 2011இல் அந்த 826 என்ற எண் 913ஆக உயர்ந்தது. இவை போற்றத்தக்கனவே. ஆயினும் இம்முயற்சிகள் யாவும் சிசுவின் உயிரையே நோக்கியனவாதலால், அச்சிசுவைப் பெற்றவளின் மனோநிலை எவர் கணக்கிலும் ஏறாமல் போயிற்று.

பிரசவ அறைக் கதவு திறந்து செவிலியர் தலைகாட்டியதும், தாய் பிழைத்தாளா என்பதற்கு முன்பாக, "என்ன கொழந்தைங்க?" என்ற கேள்வியே எழுகிறது. விடையைக் கேட்டதும், "இதுவும் பொட்டப்புள்ளதானா?" என்று முணுமுணுத்தபடி மாமியார் பையை எடுத்துக்கொண்டு வராந்தாவின் மறுகோடிக்குப் போய்விடுகிறாள், கணவனோ தொலைபேசியில் செய்தி சொல்லவும் கூசுகிறான். பிள்ளை ஆணாவதும் பெண்ணாவதும் தந்தையின் வித்தைப் பொறுத்தது என்பது பள்ளிச் சிறுவரும் படிக்கும் பாடம். அபராதத்தை மட்டும் தாயே செலுத்துகிறாள்.

அந்த அபராதம் இன்னதென்பதை, வேலூரைச் சார்ந்த கிராமங்களில் கர்ப்பிணிப் பெண்களைப் பிரசவத்துக்குப் பின்னும் தொடர்ந்து கவனித்து மருத்துவர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. அப்பெண்களுள் நூற்றுக்குப் பதினொருவர் பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு நோய்க்கு ஆளாயினர். குறைந்த வருமானம், மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, ஒத்தாசைக்கு ஆள் இன்மை ஆகியவற்றோடு, ஆண்மகவை எதிர்பார்த்த இடத்தில் பெண்மகவு பிறந்ததும் அந்நோய்க்குக் காரணமாய் நின்றது. அதே ஆண்டில் வெளிவந்த கோவா ஆய்வும் இதை ஒத்தே பேசுகிறது.

இனி, அந்த மனக்குன்றல் சிசுக்கொலை வரை போகும்போது தாய் குற்றவாளியா, நோயாளியா என்ற கேள்விக்கு வருவோம். குற்றவாளி என்னும் கட்சியாரிடம் நியாயம் இல்லாமல் இல்லை. சிசுவுக்கு உயிரன்றி வேறு உடைமை இல்லாதபோது, அதைப் பறிப்பவள் பெற்றவளேயாயினும் பாதகம் பாதகமே. நோயாளி என்னும் கட்சியாருக்கோ 1938ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சட்டம் துணை நிற்கிறது. பிரசவத்தின் பாதிப்பிலிருந்து முற்றும் தேறாமல் சித்தம் கலங்கிய தாய் ஓராண்டு நிரம்பாத தன் குழந்தையைக் கொல்ல நேர்ந்தால், அதைக் கொலையினும் குறைந்த குற்றமாகவே அச்சட்டம் கொள்கிறது. ஆனால் இரு கட்சியாரும் வழக்கைத் தாய் ஒருத்தியின் மேல் மட்டுமே நடத்துகின்றனர். பிரசவத்தால் கலங்கும் சித்தம் இயற்கையின் செயல்; "பெண்ணைப் பெத்துட்டா" என்ற ஏச்சால் கலங்கும் சித்தம் மனிதரின் செயல். முன்னதற்கு மருந்து போதும். பின்னதற்கு மருந்தை மட்டும் கொடுப்பது, காயப்படுத்தியவரைப் பந்தியில் அமர்த்திவிட்டுக் காயத்துக்குக் கட்டுப் போடுவதே ஆகும்.

மாமியாரும் ஒரு காலத்தில் இதே ஏச்சைக் கேட்டவள்தானே என்பர். உண்மை; ஆனால் அவள் பட்ட துன்பம் அவள் கடுமைக்குக் காரணத்தைக் காட்டுமேயன்றி அதற்கு உரிமை தந்துவிடாது. ஊராரையும் வரதட்சிணையையும் காட்டித் தப்ப முயலும் கணவனுக்கோ அந்தச் சாக்கும் இல்லை. முதல் சில நாட்களில் அவன் பேசும் ஒரு சொல்லுக்கு வீட்டில் உள்ள மதிப்பு வேறெவர் சொல்லுக்கும் இல்லை. வீடு தேடிச் சென்று குழந்தையை எடை பார்க்கும் கிராம சுகாதாரச் செவிலியர், தாய் உறங்கினாளா, உண்டாளா, அழுதாளா என்பதையும் விசாரித்துப் பதிவு செய்தால், நோய் முற்றுமுன் வைத்தியம் கிட்டும். ஆனால் நோயைக் கண்டறிவது அரசின் கடமையாயினும், அந்நோயை விளைவிக்காதிருப்பது குடும்பத்தின் கடமை. இரண்டாவதைச் செய்யாத குடும்பம், தாயைக் குற்றவாளி என்று சொல்லும் யோக்கியதையை இழந்துவிடுகிறது.