பிரதியும் தன்னுரிமையும்

ஒரு பொருளைப் பிரதி செய்துவிட்டோம் என்று எப்பொழுது உரிமையோடு கூறலாம்? உருவம் ஒத்திருத்தல் போதுமா? மூலம் அழிந்தபின்னும் பிரதி தன் காலில் நிற்றல் வேண்டுமா? கணினி நிரலாக்கம் பயில்வோர் இன்று எதிர்கொள்ளும் இவ்வினா, ஏடுகளைப் பெயர்த்தெழுதிய நம் முன்னோருக்கும் புதியதன்று.

நிரலாளர் தாமே வகுத்துக்கொண்ட பொருள் ஒன்றைக் கருதுவோம். அது ஒரு மாணவரின் பதிவு. அதனுள் அவர் பயிலும் பாடங்களின் பட்டியல் உண்டு. உண்மையில் அப்பதிவு பட்டியலைத் தன்னகத்தே தாங்குவதில்லை. நினைவகத்தில் அது இருக்கும் இடத்தைச் சுட்டி நிற்கின்றது. மேலோட்டமாகப் பிரதி செய்யின் சுட்டு மட்டுமே இரண்டாகும், பட்டியல் ஒன்றே. பிரதியின் பட்டியலில் ஒரு பாடத்தைச் சேர்த்தால் மூலத்திலும் அது தோன்றும். ஆழப் பிரதி செய்யின் உள்ளிருப்பனவும் புதியனவாக ஆக்கப்படும். ஸ்மால்டோக்-80 என்னும் மொழி இவ்விரு முறைகளுக்கும் வெவ்வேறு பெயரிட்டது. இன்றைய பைதன் மொழியும் இவ்வேறுபாட்டைப் பேணுகின்றது.

இவ்வேறுபாட்டின் ஆழத்தை மன்னாரின் கத்தோலிக்க நாடக மரபிலே காணலாம். மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு எனப் பகுத்து வழங்கும் இந்நாடகங்கள் ஏடுகளிலும் கையெழுத்துக் கொப்பிகளிலும் பெயர்த்தெழுதப்பட்டு வாழ்ந்தன. 1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவற்றுட் சிலவற்றைப் பதிப்பித்து அச்சேற்றினார். அச்சு நூல் ஏட்டிலிருந்து விடுதலை பெற்றது. ஏட்டைச் செல்லரித்தாலும் நூலுக்குக் கேடில்லை. ஆயினும் பாட்டின் மெட்டும் ஆட்டத்தின் அடவும் எழுத்தில் முழுமையாக அடங்குவனவல்ல. அவை அண்ணாவியாரிடம் உள்ளன. பிரதிகள் நூறாயினும் அவை அனைத்தும் அவ்வொருவரையே சுட்டி நிற்குமாயின், அவர் மறையும் நாளில் நூறும் ஒருங்கே ஊமையாகும்.

இது வெறும் தருக்க விளையாட்டன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபொழுது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறிடத்தில் பிரதியுள்ள நூலை மீண்டும் பெறலாம். ஒரேயொரு படியாக இருந்த ஏட்டை எவரும் மீட்கவியலாது. பின்னர் வந்த போர்க்காலத்தில் மன்னார் மக்கள் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தனர். எனவே, சார்பற்ற பிரதியை ஆக்குதல் ஒரு சமுதாயக் கடமையுமாகும்.

அங்ஙனமாயின் அனைத்தையும் ஆழப் பிரதி செய்துவிடலாமே என்பர் சிலர். அதுவும் பொருந்தாது. மாணவரின் பதிவு அவருடைய ஆசிரியரையும் சுட்டுமாயின், பதிவைப் பிரதி செய்வதால் ஆசிரியர் இருவராதல் முறையன்று. திறந்திருக்கும் கோப்பையோ பிறிதொரு கணினியோடுள்ள தொடர்பையோ இரட்டிக்க முயல்வதும் பொருளற்றது. எதனைப் பகிர்வது, எதனைப் புதிதாக்குவது என்பதைப் பொறி தானே அறியாது. ஆகையினாலேதான், தாம் வகுத்த பொருள் எவ்வாறு பிரதியாதல் வேண்டும் என்பதைத் தாமே வரையறுக்கும் வாய்ப்பினைப் பைதன் நிரலாளருக்கு அளிக்கின்றது. பொருளின் உட்பொருளை உணர்ந்தவரே அதனைத் தீர்மானிக்க வல்லவர். பகிர்வது குற்றமன்று, பகிர்ந்ததை மறைத்து, தனித்தது என்று நம்பவைத்தலே குற்றம்.

இன்னுமொன்று. தன்னுரிமை பெற்ற பிரதி மாறுதற்கும் உரிமை பெறுகின்றது. அண்ணாவியார் தம் மாணவனுக்கு மெட்டைக் கற்பிக்கும்பொழுது அவனுட் புதியதோர் அண்ணாவியாரை ஆக்குகின்றார். அவன் ஒருநாள் வேறு விதமாகவும் பாடக்கூடும். அதனை ஏற்க மனமில்லாதவர் தம்மோடு மறையும் நிழலை மட்டுமே விட்டுச்செல்வார். தம் குறிப்பேட்டையே என்றும் சுட்டி நிற்கும் மாணவரை உருவாக்கும் ஆசிரியருக்கும் இஃது ஒக்கும். நிலைக்க வேண்டுமென விழைவோர் வேறுபாட்டைப் பொறுத்தல் வேண்டும். பிரதி செய்பவர் செலுத்தவேண்டிய விலை இதுவேயாம்.