துணைக்குச் சான்று எது?

பணி நிமித்தம் அயல்நாடு செல்லும் ஒருவருடன், மணமுடிக்காமல் அவரோடு வாழ்பவரும் செல்ல விரும்புகிறார். அவரைத் துணை என அந்நாட்டு அரசு ஏற்குமா?

நாட்டுக்கு நாடு விடை வேறுபடுகிறது. கனடா, ஓராண்டேனும் இடைவிடாது சேர்ந்து வாழ்ந்தவர்களை ஏற்கிறது. பிரித்தானியா ஈராண்டு உறவைக் கேட்கிறது. அவ்விரண்டாண்டும் ஒரே இல்லத்தில் வாழ்ந்திருக்க வேண்டும் என்னும் விதியை 2024இல் தளர்த்தியது. அமெரிக்காவோ, எச்-1பி பணியாளரின் சார்பு விசாவை மணத்துணைக்கும் 21 வயது நிரம்பாத பிள்ளைகளுக்குமே வழங்குகிறது. மணமாகாத துணை வருகையாளர் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அதில் வேலை பார்க்க இயலாது.

வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு என அரசுகள் கேட்கும் சான்றுகள் கடந்த நாள்களைப் பற்றியவை. அரசை நாம் குறைகூறுவதற்கில்லை. உள்ளத்தைக் காண அதனால் இயலாது. ஆனால், உடன் செல்பவர் தம் பணியையும் உற்றாரையும் விட்டுப் போவது வரப்போகும் நாள்களை நம்பியன்றோ? உறவு முறிந்தால் அந்நாட்டில் தங்கும் உரிமையும் அவருக்கு இல்லாமற் போகலாம். ஆகவே, 'உடன் வா' என அழைப்பவர் அவருடைய நாளைக்கும் பொறுப்பேற்கிறார். வாக்குறுதி தராமல் அப்பொறுப்பை எங்ஙனம் ஏற்பது?

அதற்காக, விசாவுக்கென்றே அவசரமாய் மணமுடிப்பதும் விடையாகாது. மணமக்களின் சம்மதமே திருமணத்தை உருவாக்குகிறது. வேறெந்த மனித ஆற்றலும் அதற்கு ஈடாகாது என்பது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் கருத்து. அரசின் முத்திரையும் அத்தகைய மனித ஆற்றல்தான். நம் பிள்ளைகள் இக்கேள்வியோடு வரும்போது, எந்த விசா கிடைக்கும் என்பதற்கு முன், ஒருவருக்கொருவர் என்ன வாக்களித்துள்ளீர்கள் எனக் கேட்போம்.