உடம்பு நான் இல்லையென்றால்

புற்றுநோய்க்காக மார்பில் கத்தி வைத்த பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஒரு தத்துவத்தையும் கொண்டுவருகிறார்கள். எனக்கு வந்தவற்றில் இரண்டு ரகம். 'போன ஜென்மத்து வினை, அனுபவிச்சுக் கழிச்சிருங்க டீச்சர்' என்பது ஒன்று. 'ஆத்மாவுக்கு நோயே கிடையாது. உடம்புதானே, விடுங்க' என்பது இன்னொன்று.

முதல் ரகத்துக்கு நான் பதில் சொல்வதில்லை. தன் வினைக்குத் தானே கணக்குப் பார்த்துக்கொள்வது பக்தி. அடுத்த வீட்டுக்காரியின் வினையைத் தணிக்கை செய்ய வருவது வெறும் அதிகப்பிரசங்கித்தனம். இரண்டாவதை அப்படித் தள்ளிவிட முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியே தலை நரைத்தவள் நான். நாலடியாரில் யாக்கை நிலையாமை என்று ஓர் அதிகாரம், தூய்தன்மை என்று இன்னோர் அதிகாரம். இந்த உடம்பு எவ்வளவு அழுக்கு என்று பதினான்கு வயதுப் பெண்பிள்ளைகளுக்குப் பொருள் சொல்லி, மனப்பாடமும் செய்ய வைத்திருக்கிறேன். அந்தப் பாடம் இப்போது என்னைத் தேடி வீட்டுக்கே வந்தபோது, வாசலிலேயே நிறுத்தி அனுப்ப மனம் வரவில்லை.

அதோடு நான் மதுரைக்காரி. 1896-இல் பதினாறு வயது வேங்கடராமன், தான் உடம்பு அல்ல என்று கண்டுகொண்டது எங்கள் ஊரில்தான், மீனாட்சி கோயிலின் தெற்குக் கோபுரத்துக்குப் பக்கத்துத் தெருவில். பிறகு அவர் ரமணர் ஆனார். இடது கையில் சார்கோமா என்ற புற்றுக்கட்டி வந்து, 1949-இல் ஒரு முறைக்கு மேல் அறுத்தும் அடங்காமல், 1950 ஏப்ரல் 14-இல் உடலை விட்டார். கடைசிவரை அவர் முகம் வாடவில்லை என்று உடனிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நம்புகிறேன். அப்படி ஒருவருக்குக் கூடியது எனக்கும் கூடுமா என்ற கேள்வியோடுதான் கீமோ அறைக்கு முதலில் போனேன்.

அங்கே என்னோடு உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரிகள். அறுபது, அறுபத்தைந்து, ஒருத்தர் எழுபதைத் தாண்டியவர். எல்லோருக்கும் ஒரே சாய்வு நாற்காலி, ஒரே சொட்டு மருந்து. சிவப்பு மருந்து ஏறும் நாளில் சிறுநீரும் சிவப்பாகப் போகும். முன்னால் வந்தவர்கள் பின்னால் வருகிறவர்களிடம், பயந்துறாதீக என்று முதலிலேயே சொல்லிவைப்பார்கள். அதற்குமேல் பேச்சு நோயைப் பற்றி இருக்காது. வாய்ப்புண்ணுக்குக் குழைந்த தயிர் சோறுதான் இறங்கும், ஊறுகாய் பக்கமே போகக்கூடாது. மருமகள் கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போயிருக்கிறாள். ரேஷனில் இந்த மாதம் பருப்பு வரவில்லை. வெளியிலிருந்து கேட்டால் அரட்டை. எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது.

ஒருநாள் நல்ல மனதுக்காரர் ஒருவர் வந்து, நாற்காலி நாற்காலியாகச் சின்னப் புத்தகம் கொடுத்தார். நீங்கள் உடம்பு அல்ல என்பதுதான் சாரம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த பூக்காரம்மா தலைப்பைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏன் டீச்சர், உடம்பு நான் இல்லைன்னா பூக் கட்டுறது யாரு?"

அவர் கேலி செய்யவில்லை. மாட்டுத்தாவணிச் சந்தையில் விடிவதற்குள் மல்லிகை எடுத்து, வாழைநாரில் கட்டி, முழம்போட்டு விற்று மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவர். டாக்ஸால் என்ற கீமோ மருந்து ஏறிய பிறகு விரல்நுனிகள் மரத்துப்போய்விட்டன. மல்லிகைக் காம்பு விரலுக்கு நடுவில் இருக்கிறதா நழுவிவிட்டதா என்று தெரியவில்லை. பேசிக்கொண்டே, தூங்கி வழிந்துகொண்டே கட்டியவர், இப்போது ஒவ்வொரு பூவையும் கண்ணால் பார்த்துப் பார்த்து முடிச்சுப் போடுகிறார். அந்த விரல் அவருக்கு ஆத்மா மாட்டிக்கொண்டிருக்கிற சட்டையின் நுனி இல்லை. அவருக்குத் தெரிந்த அத்தனை வித்தையும் அதில்தான் இருந்தது. அவருடைய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. புத்தகத்திலும் இல்லை, நான் முழுக்கப் படித்துப் பார்த்தேன்.

மேலூர்ப் பக்கத்து ஆத்தாவுக்கு வேறு பிரச்சினை. அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்தவர்களுக்குச் சில சமயம் நிணநீர் வடியாமல் கை வீங்கும். அந்தக் கையில் ஊசி போடக்கூடாது, பி.பி. பார்க்கக்கூடாது, குடம் தூக்கக்கூடாது. ஆத்தாவுக்கு வீக்கம் மணிக்கட்டுவரை இறங்கி, கண்ணாடி வளையல்கள் சதைக்குள் புதைந்துவிட்டன. சோப்பு போட்டும் கழலவில்லை. உடைத்துத்தான் எடுக்கவேண்டும் என்றதும் ஆத்தா கையை இழுத்துக்கொண்டார். புருஷன் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருக்கும்போது பொண்டாட்டி கையில் வளையல் உடைப்பதா? ஊசிக்கும் கத்திக்கும் அழாதவர் அதற்கு அழுதார். கடைசியில் பூக்காரம்மா ஒரு வழி சொன்னார். கழற்ற வேண்டிய அத்தனை வளையலையும் எண்ணி, அதே எண்ணிக்கையில் புது வளையல் வாங்கிவந்து, முதலில் மறுகையில் போட்டுவிடுவது. அப்புறம் இந்தக் கையில் உடைப்பது. நர்ஸம்மாவும் காத்திருந்தார். எந்த சாஸ்திரத்திலும் இல்லாத சடங்கு. ஆனால் சரியான சடங்கு என்றே நினைக்கிறேன்.

பூக்காரம்மா பழனிக்குப் போன விஷயமும் இப்படித்தான். முதல் மருந்து ஏறி இரண்டு மூன்று வாரத்தில் முடி கொத்துக்கொத்தாக வரும். பூக்காரம்மா அதற்குக் காத்திருக்கவில்லை. மருந்து தொடங்குவதற்கு முன்பே பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு, நெற்றி நிறைய விபூதியோடு வந்துவிட்டார். "எப்படியும் போறதுதான டீச்சர். மருந்து புடுங்குறதுக்குள்ள முருகனுக்குக் குடுத்துட்டேன்." எங்களில் மற்றவர்களுக்கு உதிர்ந்தது, அவருக்கு மட்டும் காணிக்கை. அப்புறம் பஸ்ஸில் யாராவது "பழனியா, திருப்பதியா?" என்று கேட்டால் நாங்கள் எல்லோரும் கூசாமல் பழனி என்றே சொல்லிவிடுவோம். முருகன் கோபிக்கமாட்டார்.

எனக்கு எடுத்தது இடது மார்பு. வலதாக இருந்தால் சேலையே மறைத்துவிடும். இடது பக்கம் கையைத் தூக்கினால் வெறுமை தெரியும். பஞ்சு வைத்தால் லேசாகி மேலே ஏறிக்கொள்கிறது, கனம் வேண்டும் என்று சொல்லி, பருத்தித் துணியில் சின்னப் பை தைத்துக் கடுகு நிரப்பிக் கொடுத்தார் ஆத்தா. அந்த நாட்களில்தான் உறவுக்காரர் ஒருவர், பின்னமான விக்கிரகத்துக்குப் பூஜை கிடையாது, அதனால் குடும்ப விளக்குப் பூஜையில் நான் முன்னால் உட்காரவேண்டாம் என்று இன்னொருவர் வழியாகச் சொல்லி அனுப்பினார். கீமோ அறையில் இதைச் சொன்னேன். ஆத்தா சற்று யோசித்துவிட்டுச் சொன்னார். "மீனாட்சிக்கு மூணு இருந்துச்சு. கண்ணகிக்கு ஒண்ணுதான் இருந்துச்சு. இந்த ஊர்ல ரெண்டு வச்சிருக்கவளுக்குத்தான்டி கோயில் இல்ல!" சிரித்த சிரிப்பில் சொட்டு மருந்து ஊசி விலகி, நர்ஸ் வந்து திட்டிவிட்டுப் போனார்.

சிரித்து முடித்த பிறகுதான் அது எவ்வளவு சரி என்று உறைத்தது. திருவிளையாடற் புராணத்தில் மீனாட்சியாகிய தடாதகை வேள்வித்தீயிலிருந்து மூன்று மார்போடு வருகிறாள். பாண்டியன் கலங்கினாலும், அவளுக்கு ஆண்பிள்ளைபோல் எல்லாம் கற்பித்து முடிசூட்டு என்றுதான் அசரீரி சொல்கிறது. கண்ணகி தன் இடது மார்பைத் திருகி எறிந்த பிறகு மலையேறி வேங்கை மரத்தடியில் நிற்கிறாள். குன்றக்குறவர்கள் அவளிடம் பின்னம் பார்க்கவில்லை, தெய்வம் என்று குரவையாடினார்கள். இவ்வளவும் என் பாடத்திட்டத்தில் இருந்தது. அதைக் கேள்விஞானத்தில் வைத்திருந்த ஆத்தாவுக்கு வேண்டிய இடத்தில் எடுக்கத் தெரிந்தது.

ரமணரோடு எனக்குச் சண்டை இல்லை. உடம்பைத் துறந்து அவர் அடைந்தது பெரிது. ஆனால் துறப்பதற்கு முதலில் அது தன்னுடையதாக இருந்திருக்கவேண்டும். மேலூர் ஆத்தாவின் உடம்பு எப்போது அவருடையதாக இருந்தது? நாற்று நட, சாணி அள்ள, பிள்ளைக்குப் பால் கொடுக்க, புருஷனுக்குக் கஞ்சி காய்ச்ச என்றே போயிற்று. அந்த உடம்பு நீ இல்லை என்று யாரும் புதிதாக வந்து அவருக்குச் சொல்லவேண்டியதில்லை. மார்பில் கட்டி தட்டுப்பட்டு இரண்டு அறுவடை கடந்த பிறகே அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஏன் ஆத்தா என்றால், "கெழட்டுக் கட்டைக்கு அது கெடந்தா என்ன, போனா என்ன?" என்கிறார். இதையே ஒரு சாமியார் சொன்னால் வைராக்கியம் என்போம். ஆத்தா சொல்லும்போது அது வைராக்கியம் இல்லை. அறுபது வருஷம் யாரும் அவரைப் பொருட்படுத்தாததில் அவரும் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

திருமூலரே உடம்பை முதலில் தாழ்வாக நினைத்திருந்ததாகவும், உள்ளே இறைவன் இருப்பதைக் கண்டபின் பேணத் தொடங்கியதாகவும் சொல்கிறார். என் வயதுப் பெண்களுக்கு இதில் பின்பாதியை மட்டும் சொல்லுங்கள். முன்பாதியில் நாங்கள் தேர்ச்சி பெற்றவர்கள்.

நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் வினையையும் ஆத்மாவையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். மருமகள் திரும்பி வந்தாளா என்று கேளுங்கள். ஐம்பதைத் தாண்டிய பெண்கள் குளிக்கும்போது மார்பையும் அக்குளையும் தடவிப் பாருங்கள். கட்டி தட்டுப்பட்டால், வலிக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். தொடக்கத்தில் அது பெரும்பாலும் வலிக்காது. மகனிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு இந்த வாரமே டாக்டரிடம் போய்விடுங்கள்.