கருடன் கத்தி

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு அடுக்கும் சாமான்களில் அரிவாள், மண்வெட்டி, கடப்பாரை, அப்பாவின் ஸ்பேனர் செட், கொஞ்ச வருஷமாக என் லேப்டாப், எல்லாம் உண்டு. நடுவில் ஒரு கத்தி. அதன் பெயர் கருடன் கத்தி. பிடியும் அலகும் சேருமிடத்தில் இறக்கை விரித்த ஒரு பறவை, அதன் காலடியில் வளையம், வளையத்துக்குள் ஸ்வஸ்திகம். இது இரண்டும் சேர்ந்திருந்தால் என் பாட்டிக்கு வேறென்ன தோன்றும்? சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சாமந்திப்பூ சுற்றுவார். முந்தின நாள் பித்தளை விளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்ப்பதும் உண்டு.

பள்ளி வரலாற்றுப் புத்தகத்தில் ஹிட்லர் வந்தபோது எனக்குச் சந்தேகம் வந்தது. கேட்டேன். "அது வேற, இது வேற. போய்ப் படி" என்றார் பாட்டி. போய்ப் படித்தேன். அதோடு சரி.

மறுபடி அதைக் கையில் எடுத்துப் பார்த்தது ஊரடங்குக் காலத்தில்தான். அரூர்ப் பக்கம் எங்கள் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன், ராத்திரியில் தூக்கம் வராது. கத்தியை அடையாளம் காண்பது அவ்வளவு கஷ்டமில்லை. சுருள் வரிகள் ஓடும் ஆரஞ்சு நிறப் பிடி, தலையில் ஓக் இலை, உலோக உறையில் இரண்டு வளையம், சுமார் பத்து அங்குல வெற்று அலகு. 1935-இல் ஜெர்மன் தரைப்படை அதிகாரிகளுக்காக வந்த குறுவாள். அலகின் மேற்பகுதியில் வாள் ஏந்திய அணில் முத்திரை. கத்திக்குப் பேர்போன சோலிங்கன் நகரத்து ஐக்ஹார்ன் நிறுவனம். பழைய அசல்களில் உலோகப் பாகங்களுக்கு வெள்ளிப் பூச்சு இருக்குமாம். எங்களுடையதில் அது அனேகமாக இல்லை. பாட்டியின் புளி.

பாதுகாப்பது பற்றிப் படித்தபோது சிரிப்பும் வந்தது, சங்கடமும் வந்தது. தேய்க்காதே, பளபளப்பாக்காதே, வெறும் விரலால் அலகைத் தொடாதே, மெழுகோ எண்ணெயோ மெல்லிசாகப் பூசி ஈரமில்லாத இடத்தில் வை. நாங்கள் செய்த ஒவ்வொன்றும் அதற்கு நேரெதிர். குங்குமம் ஈரத்தைப் பிடித்துவைத்து, கழுகின் இறக்கை மடிப்பில் பச்சையாகப் பூத்திருந்தது.

பிறகு விலை. இந்த ரகம் வெளிநாட்டுச் சந்தையில் சில நூறு டாலர் போகும். எஸ்.எஸ். படையின் கத்தி என்றால் பல ஆயிரம். அந்த விலை ஏணியைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் ஸ்க்ரீனை மூடி வைத்துவிட்டேன். எந்த அமைப்பின் கை அதிக ரத்தத்தில் நனைந்ததோ, அதன் கத்திக்கு விலை கூடுதல். அரிதானது, அதனால் விலை என்பார்கள். உண்மைதான், ஆனால் அது மட்டும்தானா?

இந்த வியாபாரத்தில் ஒரு பாடம் சொல்வார்கள்: கத்தியை வாங்கு, கதையை வாங்காதே. போலிகள் அவ்வளவு. தாத்தா போரில் எடுத்தது என்று எவனும் சொல்லலாம். நியாயமான எச்சரிக்கைதான். ஆனால் எங்கள் வீட்டில் விஷயம் தலைகீழ். கத்தி சோலிங்கன்காரர்களுடையது. எங்களுடையது என்று இருப்பது கதை மட்டும்தான்.

அந்தக் கதையும் இரண்டு. என் தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். தருமபுரி அப்போது சேலம் ஜில்லா. இங்கிருந்து பெங்களூர் போய்ப் படையில் சேர்ந்து இத்தாலி வரைக்கும் போனார். செத்துக் கிடந்த ஒரு வெள்ளைக்கார ஆபீசரின் இடுப்பிலிருந்து உருவியது என்பது அப்பாவின் கதை. சரணடைந்த ஒருவன் ரெண்டு பாக்கெட் சிகரெட்டுக்குக் குடுத்தான் என்பது அத்தையின் கதை. காலேஜ் ஹாஸ்டலில் நான் சொன்னது அப்பாவின் கதையைத்தான். உருவியது என்பதைக் குத்திச் சாய்த்து உருவியது என்று மாற்றியது என் கைங்கரியம். சொல்லச் சொல்ல தாத்தா உயரமாகிக்கொண்டே போனார். இன்னொருத்தனின் பிணத்தின் மேல் ஏறி நிற்கிற உயரம் அது என்று அப்போது தோன்றவில்லை.

அடையாளம் கண்டதில் ஒன்று தெரிந்தது. அந்தக் குறுவாள் சண்டைக்கானதில்லை. உடுப்பு மாட்டி வெளியே போகும்போது, விருந்தில் அணிகிற அலங்காரம். முன்னணியில் செத்தவன் இடுப்பில் இது தொங்கியிருக்க வாய்ப்பு குறைவு. அத்தையின் சிகரெட்தான் நம்பும்படி இருக்கிறது. நிச்சயம் என்று சொல்லமாட்டேன். கிட் பிளேம் போட்டால் யார் எழுதிய வரி என்று வரும், ஏன் எழுதினான் என்று வராது. இங்கே யார் என்பதே வரவில்லை.

தாத்தா செய்த வேலை வேறு. சாப்பர்ஸ் என்றால் பாலம் போடுவது, ரோடு போடுவது, கண்ணிவெடி எடுப்பது. கருவி இல்லாத இடத்தில் துப்பாக்கிக் கத்தியால் மண்ணைச் சாய்வாகக் குத்திக் குத்தித் தேட வேண்டும். அதே படையின் சுபேதார் சுப்ரமணியம், செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிக்னானோவில் வெடிக்கப்போன கண்ணிவெடி மேல் விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றிச் செத்தார். இறந்தபின் ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். அவர் பெயரை இந்தக் கத்தியைத் தேடப்போய்த்தான் நான் முதலில் படித்தேன். வெட்கமாக இருந்தது.

தாத்தா மண்ணைக் குத்திய கத்தி எங்கள் வீட்டில் இல்லை. அது சர்க்கார் சொத்து, திருப்பிக் கொடுத்திருப்பார். ஒளவையார் தொண்டைமானிடம் தூது போன கதை நம் ஊர்க் கதை. தகடூர் அதியமானுக்காகப் போனவர். தொண்டைமானின் ஆயுதங்கள் மயிற்பீலியும் மாலையும் எண்ணெய்ப் பூச்சுமாக வீட்டில் இருந்தன, அதியமானுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. அதே தகடூர் மண்ணில் மூன்று தலைமுறையாகத் தொண்டைமான் பக்கத்துக் கத்திக்குப் பூ சுற்றியிருக்கிறோம்.

உருக்கிவிடு என்றான் ஒரு நண்பன். எனக்கு ஒப்பவில்லை. ஒரு பொருளைக் கரைத்துவிட்டால் கை சுத்தமாகிவிடும் என்பது ரொம்பச் சுலபமான கணக்கு. விற்கவும் மனசில்லை. வாங்குகிறவர்களில் வரலாற்று ஆசிரியரும் இருப்பார், அந்தக் கழுகைக் கும்பிடுகிறவனும் இருப்பான். விலை பேசும்போது இருவரும் ஒரே மாதிரிதான் பேசுவார்கள். நாங்களும் கும்பிட்டவர்கள்தானே என்று கேட்கலாம். தெரியாமல் கும்பிட்டது பாட்டி. தெரிந்தபின் தொடர்ந்தால் அது நான். (9 அங்குலத்துக்கு மேல் அலகிருந்தால் ஆயுதச் சட்ட விதிகளின் அட்டவணையில் வருகிறது என்கிறார் வக்கீல் நண்பர். வைத்துக்கொள்வதற்கு என்ன செய்ய வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.)

இப்போதைக்கு ஒரு காகிதத்தில் எழுதி உறையோடு வைத்திருக்கிறேன். எந்த வகை, எந்த முத்திரை, அப்பா சொன்னது, அத்தை சொன்னது, பூச்சு போன காரணம். ஹாஸ்டலில் நான் சேர்த்ததையும் எழுதினேன். கடைசியில், அப்பா சொல்லித் தெரிந்த ஒன்று: வயல் வரப்பில் நடக்கும்போது தாத்தா யாரையும் முன்னால் போக விடமாட்டாராம்.

போன ஆயுத பூஜைக்கு அம்மா வழக்கம்போல கத்தியை எடுத்து வந்தார்.

"அது பீரோலயே இருக்கட்டும்மா. பொட்டு வேணாம்."

"பொட்டு வைக்கலன்னா கோவம் வராதாடா?"

"யாருக்கும்மா?"

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். கையில் குழைத்த சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது. கடப்பாரையை நடுவில் நகர்த்தி அதன் தலையில் வைத்தார்.