எங்கே தங்குவது?

கோடை விடுமுறை நெருங்கும்போதும் கார்த்திகை பிறக்கும்போதும் நமக்கு ஒரே வகையான தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கும். "சுவாமி, குடும்பத்தோடு நான்கு நாள் திருவண்ணாமலைக்கு வருகிறோம். எங்கே தங்கலாம்?" என்பதே கேள்வி. உறவினர் வீட்டுத் திருமணம், சாத்தனூர் அணை, செஞ்சிக் கோட்டை, ஆரவாரமில்லாத சில நாள்கள் என்று வருவதற்குக் காரணங்கள் பலவாகும். மலையடி நகரில் பங்குப்பணி ஆற்றும் குருவுக்கு விடுதிகளின் பெயர்களைச் சொல்வதும் ஒரு பணியாகிவிட்டது.

சென்ற ஆண்டு சென்னையிலிருந்து அழைத்த அன்பர் ஒருவர் தம் நிபந்தனைகளை வரிசையாகச் சொன்னார். "முதலில் ஏதாவதொரு தீவுக்குப் போய்க் கடற்கரை ஓரமாகத் தங்கலாம் என்றுதான் எண்ணினோம், சுவாமி. அம்மாவின் முழங்காலுக்கு அவ்வளவு தூரம் ஆகாது. அதனால்தான் இங்கே வருகிறோம். சன்னலைத் திறந்தால் மலை தெரிய வேண்டும். கூட்டம், இரைச்சல், பிச்சைக்காரர் தொல்லை இல்லாத பக்கமாக இருக்க வேண்டும். உள்ளேயே சாப்பாடு கிடைத்தால் நல்லது. வெளியே போகவே வேண்டாம் பாருங்கள்."

நல்ல மனிதர், தவறாது திருப்பலி காண்பவர். அவர் கேட்டதில் எதையும் பாவம் என்று நம்மால் சொல்ல இயலாது. ஆயினும் பேசி முடித்தபின் ஓர் எண்ணம் நம்மை விடாது உறுத்தியது. மலை தெரிய வேண்டும், ஆனால் மலையடியில் வாழ்வோர் தெரியக் கூடாது என்றல்லவா அவர் கேட்டிருக்கிறார்? தங்குமிடத்தைத் தேர்ந்தெடுப்பதில் அறநெறி சார்ந்த கேள்வி ஏதேனும் உண்டா? அல்லது அது பணப்பையையும் வசதியையும் மட்டுமே பொறுத்ததா? இதைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

வசதியும் அதன் சுவர்களும்

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுவோம். வசதியை விரும்புவது குற்றமன்று. முதிய தாய்க்கு மாடிப்படி இல்லாத அறை வேண்டும். பெண்களுக்குப் பாதுகாப்பு வேண்டும். குழந்தைகளுக்குத் தூய குடிநீரும் கழிப்பறையும் வேண்டும். இவை ஆடம்பரங்கள் அல்ல. ஆண்டு முழுதும் உழைத்தவன் நான்கு நாள் அமைதியாக உறங்க விரும்பினால் அவனைக் கடிந்துகொள்ள நமக்கு உரிமையில்லை.

ஆனால் தங்குமிடம் என்பது வெறும் நான்கு சுவர்கள் அல்ல. அந்த ஊரில் நாம் யாரைச் சந்திப்போம், யாரைச் சந்திக்காமல் திரும்புவோம் என்பதை அது முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. நாம் செலவிடும் பணம் எவர் கையைச் சேரும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. கரீபியன் கடல் தீவுகளில் இதன் முற்றிய வடிவத்தைக் காணலாம். உணவு, குடி, கேளிக்கை யாவற்றுக்கும் ஒரே தொகையை முன்னதாகவே கட்டிவிட்டு, மதிலுக்கு உள்ளேயே வாரம் முழுதும் இருந்துவிட்டுத் திரும்பும் உல்லாச விடுதிகள் அங்கே மிகுதி. ஜமைக்கா தீவில் 1956-ஆம் ஆண்டுக் கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டம், கரையில் உலவவும் நீராடவும் பொதுமக்களுக்குப் பொதுவான உரிமை எதையும் அளிக்கவில்லை. தான் பிறந்த தீவின் கடலில் கால் நனைக்க மீனவன் மகனுக்குத் தடை. விமானத்தில் வந்து இறங்கியவனுக்கு வரவேற்பு. அந்த விருந்தினன் யாருக்கும் தீங்கு நினைத்தவன் அல்லன். அழகான கடற்கரையில் ஓர் அறை கேட்டான், அவ்வளவே. அவன் கேட்டதைக் கொடுப்பதற்காகவே மதில் எழுந்தது.

நம் ஊரில் அத்தகைய மதில்கள் இல்லை என்று சொல்லிவிடலாமா? மலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர்ப் பாதையில் பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கானோர் நடக்கின்றனர். கார்த்திகைத் தீபத்தன்று அக்கூட்டம் இன்னும் பன்மடங்கு பெருகும். அந்நாள்களில் அறை வாடகை எங்கெங்கோ ஏறிவிடும். ஒரு வீட்டை மாத வாடகைக்கு விடுவதைவிட நாள் வாடகைக்கு விடுவது ஆதாயம் என்று கண்ட உரிமையாளர்கள், குடியிருப்போரைக் காலி செய்யச் சொன்னதை நம் பங்கு மக்களின் வாழ்விலேயே கண்டிருக்கிறோம். வந்து போகிறவன் தங்குவதற்காக, வாழ்கிறவன் இடம் பெயர்கிறான்.

ஓய்வுநாள் யாருக்கு?

"ஓய்வெடுக்கப் போகும் இடத்திலுமா இந்தக் கணக்கெல்லாம்?" என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். விடை காண ஓய்வைப் பற்றிய இறைக் கட்டளையையே பார்ப்போம். விடுதலைப் பயண நூலிலும் இணைச்சட்ட நூலிலும் அக்கட்டளை வருகிறது. நீ ஓய்ந்திரு என்பதோடு அது நின்றுவிடவில்லை. உன் பணியாளனும் பணிப்பெண்ணும், உன் மாடும், உன் ஊர் வாயிலுக்குள் இருக்கும் அந்நியனும் ஓய்ந்திருக்க வேண்டும் என்று அது விரிகிறது. எகிப்தில் ஓய்வின்றி உழைத்த அடிமைகளாக நீங்கள் இருந்ததை நினைவில் கொள்ளுங்கள் என்று இணைச்சட்ட நூல் காரணமும் கூறுகிறது.

ஆகவே, விவிலியத்தின் பார்வையில் என் ஓய்வு எனக்கு மட்டும் உரியதன்று. பிறருடைய களைப்பின் மேல் அதைக் கட்டியெழுப்பினால் அது ஓய்வுநாள் அன்று. எகிப்தின் பழைய முறையே. நாம் தங்கும் விடுதியில் நாம் உறங்கியபின் தரை துடைப்பவர் யார், அவர் எப்போது வீடு திரும்புகிறார், அவருக்கு வார விடுமுறை உண்டா என்ற கேள்விகள் பக்திக்குப் புறம்பானவை அல்ல. அவை மூன்றாம் கட்டளைக்கு உள்ளேயே இருப்பவை.

ஆண்டவர் தந்த விதி

இயேசு பெருமான் எழுபத்திரண்டு பேரை அனுப்பியபோது தங்குமிடத்தைப் பற்றி ஒரு விதி கொடுத்ததாக லூக்கா எழுதுகிறார். எந்த வீடு உங்களை ஏற்கிறதோ அங்கேயே தங்குங்கள். அவர்கள் தருவதை உண்ணுங்கள். வீடு விட்டு வீடு மாறாதீர்கள். இதன் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். முதல் நாள் ஏழை ஒருவன் தன் குடிசையில் இடம் தருகிறான். இரண்டாம் நாள் செல்வர் ஒருவர் அழைக்கிறார். சீடர் அங்கே மாறிச் சென்றால் அந்த ஏழையின் முகம் என்னாகும்? முகம் வேறுபட்டால் விருந்தினன் வாடுவான் என்று விருந்தோம்பல் அதிகாரத்தில் வள்ளுவர் அனிச்ச மலரைக் காட்டி விளக்கினார். விருந்தினன் முகம் மாறினாலும் விருந்தளிப்பவன் அவ்வாறே வாடுவான் என்பதை ஆண்டவர் அறிந்திருந்தார். சீடர்கள் தங்களுக்குப் பிடித்த வீட்டைத் தேர்ந்துகொள்ளுமாறு அவர் சொல்லவில்லை. தங்களை ஏற்ற வீட்டுக்கு உண்மையாக இருக்கும்படியே சொன்னார்.

யோவான் நற்செய்தியில் முதல் சீடர்கள் ஆண்டவரிடம் கேட்ட முதல் கேள்வியே அவர் எங்கே தங்கியிருக்கிறார் என்பதுதான். அவர் முகவரி சொல்லவில்லை. வந்து பார்க்குமாறு அழைத்தார். அவர்கள் சென்று அன்று அவரோடு தங்கினார்கள். அந்த வீடு எப்படி இருந்தது என்று நற்செய்தியாளர் ஒரு சொல்லும் எழுதவில்லை. யாரோடு தங்கினார்கள் என்பதே அவருக்குப் போதுமானதாயிற்று.

இம்மலை கண்ட விருந்தினர்

இம்மலையும் இதைப் பற்றி நமக்குக் கற்றுத்தரக் கூடியது. 1896 செப்டம்பர் 1 அன்று மதுரையிலிருந்து வந்து இறங்கிய பதினாறு வயது இளைஞரைப் பின்னாளில் உலகம் ரமண மகரிஷி என்று அறிந்தது. அவர் கோயில் மண்டபத்தில் இருந்தார். பின்னர் விரூபாட்ச குகையில் சுமார் 17 ஆண்டுகள் இருந்தார். தீபத் திருநாளில் குகைக்கு வருவோரிடம் அதற்கு உரிமை கொண்டாடிய மடத்தார் கட்டணம் வசூலித்தனர். அதை ஏற்காத அவர் வாதிடவில்லை. குகையை விட்டு வெளியேறி மரத்தடியில் அமர்ந்தார். கட்டணம் வாங்குமிடத்தை அதற்கும் வெளியே நகர்த்தியபோது அங்கிருந்தும் அகன்று வேறொரு குகைக்குச் சென்றார். முடிவில் கட்டணமே கைவிடப்பட்டது. தாம் தங்கும் இடம் ஏழையைத் தடுக்கும் வாயிலாக ஆகிவிடக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். பிற்காலத்தில் ஆசிரமம் எழுந்தபின்னும் எல்லாரும் வந்தமரும் கூடத்திலேயே பல ஆண்டுகள் இருந்தார், அங்கேயே உறங்கினார்.

1949-இல் அவரைக் காண வந்தவர்களுள் ஒருவர் நம் திருச்சபையின் துறவி. பிரான்சு நாட்டு ஆசீர்வாதப்பர் சபையைச் சேர்ந்த ஹென்றி லெ சோ அடிகள், குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் 1950-இல் சாந்திவனம் ஆசிரமத்தை மொஞ்சனின் அடிகளோடு நிறுவி, அபிஷிக்தானந்தா என்ற பெயர் பூண்டவர். 1952 முதல் அவர் பலமுறை வந்து இம்மலைக் குகைகளில் மௌனமாகத் தங்கினார். அவர் சபையின் ஒழுங்கு நூலை ஆறாம் நூற்றாண்டில் வகுத்த புனித ஆசீர்வாதப்பர், வரும் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்று 53-ஆம் அதிகாரத்தில் பணித்தார். அதை நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம். 61-ஆம் அதிகாரத்தில் விருந்தினனாக வரும் துறவிக்கும் ஒரு கடமையை வைத்தார் என்பது பலர் அறியாதது. அவன் மிகையாக எதையும் கேட்டுத் தொல்லை தராமல், அவ்விடத்து வழக்கத்தில் நிறைவு காண வேண்டும். விருந்தோம்பலுக்கு இரு பக்கங்கள் உண்டு. ஏற்பவனுக்கு அறம் இருப்பதுபோல் வருபவனுக்கும் அறம் இருக்கிறது.

தேர்ந்தெடுக்க இயலாதவர்கள்

2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் இம்மலையின் ஒரு பகுதி சரிந்தது. சரிவில் இருந்த வ.உ.சி. நகரில் பாறையும் சேறும் வீட்டின்மேல் விழுந்து ஏழு பேர் மாண்டனர். அவர்களுள் ஐவர் சிறுவர். சன்னலைத் திறந்தால் மலை தெரிய வேண்டும் என்று நாம் கேட்கிறோமே, அவர்களுக்கும் மலை தெரிந்தது. கையெட்டும் தூரத்தில் தெரிந்தது. அந்தக் காட்சிக்காக அவர்கள் அங்கே குடியேறவில்லை. ஏழைக்குக் கட்டுப்படியாகும் இடம் நகரில் எங்கே மிஞ்சுகிறதோ அங்கேயே அவன் வீடு கட்டுகிறான். எங்கே தங்குவது என்று கேட்கும் வாய்ப்பே ஒரு செல்வம் என்பதை அந்த நாள்களில் நாம் உணர்ந்தோம்.

இங்கே நம் குற்றம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நாம் இப்பங்கிற்கு வந்த முதல் ஆண்டு. தீபத்துக்கு முந்தைய இரவு, கடும் மழை. காவலாளி வந்து, "வெளியே ஒரு குடும்பம் நிக்குது, சாமி. கைக்குழந்தை இருக்கு. மண்டபத்து வராந்தாவுல படுத்துக்கட்டுமான்னு கேக்கறாங்க" என்றார். மறுநாள் மண்டபத்தில் பங்கு மக்களின் திருமணம் ஒன்று இருந்தது. தரை சேறாகும் என்று எண்ணினோம். நம் விழாவுக்கு வந்தவர்கள் அல்லவே என்ற எண்ணமும் உள்ளே இருந்தது, அதை மறைப்பானேன்? பேருந்து நிலையத்துக்குப் போகச் சொல் என்று சொல்லிவிட்டு உறங்கினோம். சில வாரங்களில் கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலி வந்தது. விடுதியில் இடம் கிடைக்காத குடும்பத்தைப் பற்றிய பகுதியை வாசிக்கையில் நம் குரல் தடுமாறியது. பெத்லகேம் மக்களைக் கடிந்து மறையுரை ஆற்ற அன்று நமக்கு வாய் வரவில்லை. அடுத்த ஆண்டு முதல் தீப இரவில் அந்த வராந்தாவின் கதவைப் பூட்டுவதில்லை. பாய் பத்தும் ஒரு குடம் குடிநீரும் அங்கே வைக்கப்படுகின்றன. பெரிய தருமம் ஒன்றுமில்லை, பழைய கடன்.

ஆகவே விடுமுறைக்குச் செல்லும் அன்பர்களிடம் நாம் வேண்டுவது இதுதான். தாய்க்கும் பிள்ளைகளுக்கும் வேண்டிய வசதியைத் தயங்காமல் தேடுங்கள். ஆனால் அவ்வூர் மக்களை உங்கள் கண்ணிலிருந்து மறைப்பதற்கென்றே கட்டப்பட்ட வசதிக்குப் பணம் கொடுக்காதீர்கள். இயன்றவரை ஒரே இடத்தில் தங்குங்கள். ஒரு வேளையாவது தெருவில் இறங்கி அவ்வூர்க் கடையில் உண்ணுங்கள். பெரிய விடுதியில் கேட்ட தொகையைக் கட்டிவிட்டுப் பூக்காரியிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள். அறையைத் தூய்மை செய்பவரின் பெயரைக் கேட்டறியுங்கள். வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்து செல்லும் நம் மக்களுக்கு வழியெங்கும் பிற சமயத்தார் மோரும் நிழலும் தருகிறார்களே, அவர்களிடம் நாம் எவ்வளவு எளிய விருந்தினராக இருக்கிறோம்! அதே எளிமை நம் விடுமுறையிலும் இருக்கட்டும்.

சென்னை அன்பருக்கு இவ்வளவையும் நாம் சொல்லவில்லை. செங்கம் சாலையில் இரண்டு விடுதிகளையும் கோயில் அருகே ஒன்றையும் சொல்லிவிட்டு, "வந்தபின் ஒருநாள் நம் இல்லத்தில் உண்ண வேண்டும்" என்று மட்டும் கேட்டுக்கொண்டோம். அவர் மலை தெரியும் அறையையே எடுத்தார். மூன்றாம் நாள் உண்ண வந்தபோது அவருடைய தாயார் பேச்சுவாக்கில் சொன்னார்: "எங்கள் அறையைக் கூட்டுகிற பெண்ணுக்கு வீடு மலைச் சரிவில்தான், சாமி. மழை பெய்தால் பிள்ளைகளை நினைத்து இரவெல்லாம் தூக்கமே வராதாம்." மகன் தலை நிமிர்ந்து, "உங்களிடம் எப்போது சொன்னாள், அம்மா?" என்றார். "நீங்கள் எல்லாரும் அணை பார்க்கப் போயிருந்தபோது. நான்தான் அவளை உட்காரச் சொன்னேன்" என்றார் அந்த அம்மையார்.