கிற்றாரும் தப்பும் யாருக்குச் சொந்தம்?



மகன் கிற்றார் வாங்கப் பணம் கேட்டால் நம் லயங்களில் என்ன நடக்கிறது? “அதைத் தட்டிக்கொண்டிருந்தால் அடுப்பு எரியுமா?” என்று தாய் கேட்கிறாள். “கோயிலுக்கு ஆர்மோனியம் போதும், இந்தக் கூத்தெல்லாம் எதற்கு?” என்கிறார் பெரியவர். எட்டியாந்தோட்டையானாலும் தெரணியகலையானாலும், இறக்குவானையானாலும் பலாங்கொடையானாலும் பேச்சு ஒன்றுதான். பெற்றோரின் கவலையைக் குறை சொல்ல முடியாது. கொழுந்து பறித்தும் பால் வெட்டியும் வாழும் குடும்பத்திற்கு ஒரு கிற்றாரின் விலை பெரிய விலைதான். ஆனால் அந்தப் பிள்ளை கேட்பது கிற்றாரை மட்டுமா? ஆலயத்தில் தனக்கும் ஓர் இடம் உண்டா என்றல்லவா அவன் கேட்கிறான்!

நமக்கு அருகிலேயே, கேரளத்தின் கொச்சியில், இதே கேள்விக்கு விடை கண்ட இளைஞர்கள் இருக்கிறார்கள். 1985இல் அங்கே கூடிய ஓர் இளைஞர் மாநாட்டிலிருந்து ‘ஜீசஸ் யூத்’ என்னும் கத்தோலிக்க இளைஞர் இயக்கம் பெயர் பெற்று வளர்ந்தது. அந்த இயக்கத்தின் மடியில் 1990களில் பிறந்ததே ‘றெக்ஸ் பாண்ட்’ இசைக்குழு. ‘றெக்ஸ்’ என்றால் இலத்தீன் மொழியில் அரசர். கிற்றார், கீபோர்ட், டிரம்ஸ் என்று றொக் இசைக்கு உரிய கருவிகள் அத்தனையும் அவர்களிடம் இருந்தன. ஆனால் பாடியதோ கிறிஸ்து அரசரை.

2002இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் உலக இளைஞர் தினம் நடந்தது. புனித இரண்டாம் அருள் சின்னப்பர் பங்குகொண்ட கடைசி உலக இளைஞர் தினம் அது. முதுமையும் நோயும் வாட்டிய அந்தத் திருத்தந்தையைக் காணக் கூடிய இளைஞர் நடுவே இந்தக் குழு பாடியது. பின்னர் 2005இல் ஜேர்மனியின் கொலோன், 2008இல் அவுஸ்திரேலியாவின் சிட்னி என்று அவர்களுடைய பயணம் தொடர்ந்தது. அவர்களைப் பெற்றெடுத்த இயக்கத்திற்கு 2016இல் வத்திக்கானின் அங்கீகாரமும் கிடைத்தது.

இக்குழுவில் இசைத்தவர்களுள் அல்போன்ஸ் ஜோசப் ஒருவர். 2010இல் வெளிவந்த ‘விண்ணைத்தாண்டி வருவாயா’ படத்தில் ‘ஆரோமலே’ பாடலைப் பாடியவர் இவரே. உங்கள் பிள்ளைகளைக் கேளுங்கள், உடனே பாடிக்காட்டுவார்கள்! கீபோர்ட் கலைஞர் ஸ்டீபன் தேவசியும் இக்குழுவில் இசைத்தவர். திரையுலகம் அறிந்த திறமையை இவர்கள் ஆண்டவருக்கும் கொடுத்தார்கள். மீந்துபோனதைக் கொடுக்கவில்லை, முதற்கனியைக் கொடுத்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மேடையை நாடிப் போனவர்கள் பின்பு செபத்தைத் தேடிய கதையல்ல இது. செபக் கூட்டத்தில் சேர்ந்திருந்தவர்கள் பின்பு மேடையேறிய கதை. நம் தோட்டங்களில் இளைஞர் குழுக்கள் ஒரு திருவிழாவுக்குக் கூடி, மறு திருவிழாவுக்குள் உடைவது ஏன்? யார் முன்னே நிற்பது, யார் ஒலிவாங்கியைப் பிடிப்பது என்ற போட்டிதான். ஒன்றாய் முழந்தாளிடாதவர்கள் ஒன்றாய்ப் பாடுவது அரிது.

தாவீது அரசர் உடன்படிக்கைப் பேழையின் முன் ஆடியபோது, அவருடைய மனைவி மீக்கால் பலகணி வழியே பார்த்து மனதில் இகழ்ந்தாள். அரசருக்கு இது தகுமா என்பது அவள் எண்ணம். ஆண்டவரோ தாவீதின் உள்ளத்தைப் பார்த்தார். பலகணியில் நின்று இகழ்கிறவர்கள் இன்றும் நம்மிடையே உண்டு.

1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தந்த திருவழிபாட்டுச் சாசனம், ஆர்கனுக்குத் தனி மதிப்பளித்துவிட்டு, புனித வழிபாட்டுக்குப் பொருந்தும் மற்றக் கருவிகளுக்கும், திருச்சபை அதிகாரிகளின் இசைவுடன், வாசலைத் திறந்தது. 1966இல் இத்தாலியின் லொப்பியானோவில் கியாரா லூபிக் அம்மையார் இளைஞருக்குச் சிவப்பு டிரம்ஸும், இளம் பெண்களுக்குப் பச்சை டிரம்ஸும் பரிசளித்தார். ‘ஜென் ரோஸ்ஸோ’, ‘ஜென் வெர்தே’ என்ற இரு இசைக்குழுக்கள் அந்த நிறங்களையே பெயராகக் கொண்டு உலகெங்கும் சென்றன. நம் இலங்கைத் திருச்சபைக்கும் இது புதிதல்ல. புனித யோசேவ் வாஸ் அடிகளுக்குத் துணையாக 1705இல் இங்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள், தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதி, மக்களின் மொழியிலேயே இறைவனைப் பாடவைத்தார்.

அப்படியானால், சபரகமுவ மலைகளில் மக்களின் இசை எது? விடியற்காலையில் பெரட்டுக்கு அழைத்த தப்பு! சாவு வீட்டில் அழுத தப்பு! காமன் கூத்தில் முழங்கிய தப்பு! மேல்நாட்டிலிருந்து வந்த டிரம்ஸை ஆலயத்துக்குள் அழைக்க இன்று நாம் தயங்குவதில்லை. நம் பாட்டன் காலத்துத் தப்பை மட்டும் ஏன் வாசலுக்கு வெளியே நிறுத்துகிறோம்? தோலின் மேல் குற்றமா? இல்லை, அதை அடிக்கும் கையைத் தாழ்வாக எண்ணும் நம் நெஞ்சின் மேல் குற்றம். ஒரே பந்தியில் நற்கருணை உட்கொள்ளும் நாம், அடித்தவனின் சாதியைக் கேட்டு இசையை விலக்கினால், நம் பாடல் ஆண்டவரை எட்டுமா?

ஆகவே, அன்பர்களே, மூன்று காரியங்கள் செய்வோம். கிற்றார் கேட்கும் பிள்ளையை ஏசுமுன், அவனோடு சேர்ந்து ஒருநாள் செபமாலை சொல்லுங்கள். அவனைப் பங்குக் குருவானவரிடம் அழைத்துச் சென்று, திருப்பலிக்கு எது ஏற்றது, திருவிழா மேடைக்கு எது ஏற்றது என்று கேட்டறியச் செய்யுங்கள். உங்கள் தோட்டத்தில் தப்படிக்கும் முதியவரை ஆலயத்துக்கு அழைத்து, இளைஞருக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். அவரை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் ஊர் திரும்பும்போது, அவர்களுக்கென்று ஓர் இடம் ஆலயத்தில் காத்திருக்கட்டும். கிற்றாரும் தப்பும் ஒரே அரசருக்குச் சொந்தம். அந்த அரசர் தாமே நம் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.